முதலில் கோடு, பிறகு புள்ளி

காட்டுயிர்க் கணக்கெடுப்பில் எந்த அமைப்பு எதனோடு சேர்ந்து வேலை செய்கிறது என்பதைப் புள்ளியும் கோடுமாக வரைந்து காட்டும் வலைப்பின்னல் படங்கள் உண்டு. நிறுவனம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. சேர்ந்து செய்த வேலை ஒரு கோடு. முதல் பார்வைக்குச் சிக்கு விழுந்த நூல்கண்டுதான். பலர் பெரிய புள்ளி எது என்று பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பெரிய புள்ளி என்றால் பெரும்பாலும் அதற்குக் கோடுகள் அதிகம், அவ்வளவுதான். யார் வழியாக யார் சேர்கிறார்கள் என்று தேடுங்கள். படம் பேச ஆரம்பிக்கும்.

ஆனைமலைத் தொடரை எடுத்துக்கொள்வோம். பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளமும் இடுக்கி மாவட்டத்து இரவிகுளமும் கேரளக் காடுகள்தான். ஆனால் இடையில் தமிழ்நாட்டின் வால்பாறை மேடு புகுந்து நிற்கிறது. பரம்பிக்குளத்துக்கு வண்டியில் போகவே சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போகவேண்டும். இரவிகுளத்தின் வடக்கு விளிம்பில் கிராஸ் ஹில்ஸ். அது ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. வலைப்பின்னல் படம் இந்த நிலத்தையெல்லாம் பொருட்படுத்தாது. கோடு இருந்தால் கணினி புள்ளிகளைப் பக்கத்தில் இழுக்கும், இல்லாவிட்டால் தள்ளிவைக்கும். ஆகவே அருகிலேயே ஒரு நிலப்படத்தையும் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்று பார்ப்பதுதான் இதில் பாதி ருசி.

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் புலிக் கணக்கெடுப்பை வரைந்தால் நட்சத்திர வடிவம் வரும். அடுத்தடுத்த காடுகளான பரம்பிக்குளமும் ஆனைமலையும் டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் வழியாகச் சேரும். பக்கத்து வீட்டோடு பேச வடஇந்தியா போய்வரும் கோடு! குறை சொல்லவில்லை, நாடு முழுக்க ஒரே முறையில் எண்ண ஒரு நடுப்புள்ளி வேண்டும். 2015 முதல் 2020 வரை நடந்த கேரளப் பறவை வரைபடத் திட்டம் வேறு ஜாதி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இறங்கிய வேலை அது. படத்தில் சிறு புள்ளிகளின் மேகம். ஒன்றிரண்டை எடுத்துவிட்டாலும் மேகம் கலையாது.

இந்தச் சோதனையை எந்தப் படத்திலும் செய்யலாம். ஒரு புள்ளியைக் கட்டைவிரலால் மறையுங்கள். படம் இரண்டு துண்டாகிறதா? அப்படியானால் அது பாலப்புள்ளி. லின்டன் ஃப்ரீமன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1977-இல் இந்த இடைநிலை வலிமைக்கு ஒரு கணக்கே வகுத்தார். அளவில் சிறிய புள்ளிகூட அந்தக் கணக்கில் முதலிடத்துக்கு வந்துவிடும்.

அடுத்து, கோடு என்பது எதைக் குறிக்கிறது என்று படத்தின் குறிப்பைப் படியுங்கள். சேர்ந்து எழுதிய கட்டுரையா, பகிர்ந்த தரவா, ஒரே நாளில் நடந்த நடையா? கட்டுரைகளை மட்டும் வைத்து வரைந்த படத்தில் பல்கலைக்கழகங்கள் பளிச்சென்று தெரியும்; மலையேறி எண்ணும் முதுவர், காடர், மலசர் பழங்குடி வாட்சர்களுக்குப் புள்ளியே இருக்காது. கட்டுரையில் பெயர் இல்லாதவருக்குக் கோடு ஏது? என்னைக் கேட்டால், இந்த வகைப் படங்களின் பெரிய ஓட்டை இதுதான்.

மூலையில் உள்ள ஆண்டையும் விட்டுவிடாதீர்கள். ஆண்டு மாறினால் படமும் மாறலாம். உதாரணத்துக்கு, இந்த மலைகளில் வாழும் வரையாட்டுக்கு மாநில எல்லை கிடையாது. இந்தப் பக்கம் இன்றும் அந்தப் பக்கம் அடுத்த வாரமும் எண்ணினால் ஒரே மந்தை இரண்டு முறை கணக்கில் ஏறும். 2024-இல் தமிழ்நாடு தன் பக்கத்தில் எண்ணியது, கணக்கு 1,031. 2025 ஏப்ரல் 24 முதல் 27 வரை தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாட்களில் இறங்கின. கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303, ஆகமொத்தம் 2,668; இரவிகுளத்தில் மட்டும் 841. வரையாட்டுக் கணக்கெடுப்பை 2024-க்கு ஒன்று, 2025-க்கு ஒன்று என இரு படங்களாக வரைந்து பாருங்கள். இரண்டு வனத்துறைகளுக்கும் நடுவே டேராடூனைச் சுற்றாமல் நேராக ஓடும் கோடு இரண்டாவது படத்தில்தான் இருக்கும்.