அகலத்திரையில் அசையாத கதை

ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கி 1965-இல் வெளியான ‘தி கிரேட்டஸ்ட் ஸ்டோரி எவர் டோல்டு’, இயேசுவின் வாழ்வைப் பிறப்பு முதல் உயிர்த்தெழுதல் வரை சொல்லும் ஹாலிவுட் படம். ஃபுல்டன் அவர்ஸ்லரின் 1949-ஆம் ஆண்டு நூலும், அதே பெயரில் அதற்கு முன்பே வந்த வானொலித் தொடரும் இதற்கு மூலம். செலவு ஏறத்தாழ 2 கோடி டாலர். கதை சொல்வதில் இவ்வளவு தடுமாறிய படத்தை இவ்வளவு அழகாக யாரும் எடுத்ததில்லை என்று துணிந்து சொல்லலாம்.

ஸ்டீவன்ஸ் இஸ்ரேலுக்குப் போய் இடம் பார்த்தார். தன் மனத்திலிருந்த பிரம்மாண்டம் அங்கே இல்லை என்று திரும்பிவந்து, அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தைத் தேர்ந்தெடுத்தார். நெவாடாவின் பிரமிட் ஏரி கலிலேயாக் கடலானது. கொலராடோ ஆறு யோர்தானாக ஓடியது. யூட்டாவின் மோவாப் பகுதியில், பள்ளத்தாக்கின் விளிம்பில் மலைப்பிரசங்கம் படமானது. கிளென் கேன்யன் அணை 1963 மார்ச்சில் நீர் தேக்கத் தொடங்கியதால், இந்தப் படத்தில் தெரியும் சில இடங்கள் இப்போது பவல் ஏரிக்கு அடியில் இருக்கின்றன. அந்த வகையில் இது ஒரு நிலத்தின் கடைசிப் பதிவும்கூட.

அந்த நிலத்தை அள்ளிக்கொள்ளப் பயன்பட்டது அல்ட்ரா பனாவிஷன் 70. 65 மி.மீ. படச்சுருளில் லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் சற்று நெருக்கிப் பதிக்கும். திரையிடும்போது அது விரிந்து, உயரத்தைப்போல் 2.76 மடங்கு அகலமாகும். இப்படிப்பட்ட சட்டகத்தில் ஒரு முகத்தைக் குளோசப்பில் வைத்தால் இருபுறமும் வெற்றிடம்தான் மிஞ்சும். ஸ்டீவன்ஸ் அந்த வெற்றிடத்தையே தன் மொழியாக்கிக்கொண்டார். மலைப்பிரசங்கத்தில் வெள்ளுடையில் சீடர்கள் வட்டமாகச் சூழ்ந்திருக்க, பின்னால் பள்ளத்தாக்கு அடுக்கடுக்காகக் கீழிறங்குகிறது. ஒளிப்பதிவாளர் வில்லியம் மெல்லர் படப்பிடிப்பின்போதே 1963-இல் காலமானார். மீதியை முடித்தவர், ஸ்டீவன்ஸின் ‘ஷேன்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய லாயல் கிரிக்ஸ். இரண்டு கைகள் மாறியது திரையில் தெரியவே இல்லை.

படத்தின் உச்சம் லாசரு உயிர்த்தெழும் இடம். வேறொரு இயக்குநர் கல்லறை வாசலில் கேமராவை வைத்து, கட்டவிழும் துணியையும் திறக்கும் கண்ணையும் காட்டியிருப்பார். ஸ்டீவன்ஸ் எட்ட நிற்கிறார். கல்லறை தொலைவில் சிறிதாகத் தெரிகிறது. அற்புதத்தை அதைப் பார்த்தவர்களின் முகத்தில்தான் பார்க்கிறோம். பிறகு சாட்சிகள் எருசலேம் மதிலை நோக்கிச் செய்தி சொல்ல ஓடுகிறார்கள். இந்த ஒரு இடத்தில் தூரமும் மௌனமும் கதைக்கே உழைக்கின்றன. ஆனால் உடனே ஹேண்டலின் ‘ஹல்லேலூயா’ கோரஸ் முழங்கி, மௌனம் சேர்த்துவைத்ததையெல்லாம் செலவழித்துவிடுகிறது. படத்துக்கு இசையமைத்த ஆல்ஃபிரட் நியூமனின் சொந்த இசை அடக்கமானது. அதையே இங்கும் விட்டிருக்கலாம்.

மற்ற இடங்களில் அதே தூரம் கதையைக் கொல்கிறது. காட்சி மெல்லக் கரைந்து அடுத்ததாகிறது. அதற்குள் பார்ப்பவர் மனம் அலையத் தொடங்கிவிடுகிறது. வசனங்கள் வேதவாக்கியங்களாகவே வருவதால் யாரும் யாரோடும் பேசுவதில்லை, அறிவிக்கிறார்கள். யூதாஸ் ஏன் காட்டிக்கொடுக்கிறான் என்பது நாடகமாக உருவாகவே இல்லை. அவன் சாவு மட்டும் புதிதாக இருக்கிறது: மத்தேயு சொல்வதுபோல் நான்றுகொள்ளாமல், ஆலயத்தின் பலிநெருப்பில் விழுகிறான். காரணம் சொல்லாமல் முடிவை மட்டும் பெரிதாக்கினால் அது காட்சியாகத்தான் நிற்கும், துயரமாகாது.

நடிகர் தேர்வில் ஒரு விசித்திர முரண் உண்டு. இயேசுவுக்கு அமெரிக்க ரசிகருக்குப் பழகாத முகம் வேண்டும் என்று, இயக்குநர் பெர்க்மன் படங்களின் சுவீடன் நடிகர் மாக்ஸ் வான் சிடோவைக் கொண்டுவந்தார்கள். சரியான முடிவு, அவர் நிதானமும் குரலும் படத்தைத் தாங்குகின்றன. ஆனால் அவரைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் நட்சத்திரங்கள். சிலுவை சுமக்க உதவும் சீமோனாகச் சிட்னி பாட்டியே வருகிறார். கல்வாரியில் நூற்றுக்கு அதிபதியாக நின்று பேசுவது ஜான் வெயினின் குரல். பின்னணியோ வெஸ்டர்ன் படங்களின் நிலம்! திரையரங்கில் பக்தி கலைந்து, ‘இவர் யார், அவர் யார்’ என்ற அடையாள விளையாட்டு தொடங்கிவிடுகிறது.

தப்பிப் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். யோவான் ஸ்நானகனாக சார்ல்டன் ஹெஸ்டனுக்குக் கோபம் என்ற ஒன்றாவது இருக்கிறது. சாத்தானாக, குகைவாசிக் கிழவன் தோற்றத்தில் வரும் டொனால்ட் பிளசன்ஸ், குரலை உயர்த்தாமலே அச்சுறுத்துகிறார். பெரிய ஏரோதாக வரும் கிளாட் ரெயின்ஸுக்கு இதுவே கடைசிப் படம். அந்த ஏரோது காட்சிகளை, பெயர் போட்டுக்கொள்ளாமல், டேவிட் லீன் இயக்கினார். அவற்றில் வேகமும் வஞ்சமும் சட்டென்று கூடுகின்றன.

முந்தைய ஆண்டில்தான், 1964-இல், இதே கதையைச் சொல்லும் இத்தாலிய இயக்குநர் பசோலினியின் ‘மத்தேயு நற்செய்தி’ வந்திருந்தது. கறுப்பு வெள்ளை, தொழில்முறை நடிகர் அல்லாதவர்கள், தென் இத்தாலியின் மத்தேரா ஊர். இயேசுவாக நடித்தவர் ஸ்பெயின் நாட்டு மாணவர். முதிய மரியாளாக நடித்தவர் இயக்குநரின் தாயார். அங்கே இயேசு நடந்துகொண்டே, அவசரமாக, சினந்து பேசுகிறார். கேமரா அவர் பின்னால் ஓடுகிறது. ஸ்டீவன்ஸ் படத்தில் இயேசு நிற்கிறார். மலை அவருக்குப் பின்னால் பொறுமையாக நிற்கிறது. நம்பிக்கையாளர் அல்லாத பசோலினிக்குக் கதை வாய்த்ததும், பயபக்தி மிகுந்த ஸ்டீவன்ஸுக்கு ஓவியம் மட்டும் வாய்த்ததும் அதனால்தான்.

படம் அமெரிக்காவில் போட்ட பணத்தை எடுக்கவில்லை. ஒளிப்பதிவு, கலை, உடையமைப்பு, இசை, சிறப்புக் காட்சி ஆகிய ஐந்து பிரிவுகளில் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. திரைக்கதைக்கோ நடிப்புக்கோ பரிந்துரை இல்லை, வென்றதும் ஒன்றுமில்லை. ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடியதைப் பலமுறை வெட்டி, ஒரு கட்டத்தில் இரண்டரை மணிக்கும் குறைவாக்கினார்கள். வெட்டிய பிறகும் வேகம் கூடவில்லை, காட்சிகள் காட்டிய அமைதிதான் குறைந்தது. இன்று பார்ப்பவர்கள் முழு வடிவத்தை, கிடைக்கிற மிக அகலமான திரையில் பார்ப்பது நல்லது. தொலைபேசித் திரையில் மிஞ்சுவது கதை மட்டும்தான், அது போதாது.