கதவும் நாற்காலியும்: மிண்டி கேலிங்கின் நகைச்சுவை எழுத்து

எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தார் தொல்காப்பியர். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என அதற்கு நான்கு நிலைக்களன்களையும் வகுத்தார். இவற்றில் எள்ளல் சற்றுச் சிக்கலானது. யார் யாரை எள்ளலாம் என்பதில் அதிகாரமும் கலந்திருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தவர், தமிழ்த் தந்தைக்கும் வங்காளித் தாய்க்கும் 1979இல் பிறந்த மிண்டி கேலிங். முழுப்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். மேடைக்கு அழைப்பவர்கள் பெயரைச் சொல்லத் தடுமாறியதால், சொக்கலிங்கத்தில் ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டார்.

2005இல் ஒளிபரப்பான 'தி ஆபீஸ்' தொடருக்கு எழுதச் சேர்ந்தபோது அவருக்கு வயது 24. எட்டுப் பேர் குழுவில் அவர் ஒருவர்தான் பெண். என்.பி.சி. நிறுவனத்தின் பன்முகத்தன்மைத் திட்டத்தின் வழியாக வந்தவர். இத்தகைய திட்டங்களில், புதிய எழுத்தாளரின் சம்பளம் தொடரின் செலவில் சேராது. தொலைக்காட்சி நிறுவனமே கொடுத்துவிடும். அதனால் 'இது கோட்டாவில் வந்த ஆளு' என்ற பார்வை அறைக்குள்ளேயே இருக்கும். அதற்காகப் பல காலம் கூச்சப்பட்டதாகக் கேலிங்கே சொல்லியிருக்கிறார். மற்றவர்களுக்குத் தெரிந்தவர் மூலம் கிடைத்த வாய்ப்புதான் தமக்குத் திட்டத்தின் மூலம் கிடைத்தது என்று பின்னால்தான் புரிந்ததாம்.

இந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதி நடித்த படம் 'லேட் நைட்' (2019). ஆண்கள் மட்டுமே இருக்கும் எழுத்தாளர் அறைக்குள், பெண் ஒருத்தி வேண்டும் என்பதற்காகவே மோலி பட்டேல் சேர்க்கப்படுகிறாள். அறையின் இறுக்கத்தைப் படம் நன்றாகவே காட்டுகிறது. ஆனால் ஒரு பெரிய குறை உண்டு. மோலி ரசாயன ஆலையில் வேலை பார்த்தவள். தொழில்முறையில் நகைச்சுவை எழுதிய அனுபவமே இல்லாதவள். கேலிங்கோ அப்படி வரவில்லை. 2002இலேயே 'மேட் அண்ட் பென்' நாடகத்தைத் தோழியோடு சேர்ந்து எழுதி, நியூயார்க்கில் நடித்துப் பெயர் வாங்கியவர். தகுதியில்லாதவர்கள்தான் இந்த வழியில் வருகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அவருடைய வாழ்க்கையே பதில். அந்தப் பதிலை அவருடைய படமே விட்டுக்கொடுத்துவிட்டது.

தகுதி பேசுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஹார்வர்டு மாணவர்களின் 'லாம்பூன்' நகைச்சுவை இதழிலிருந்து தொலைக்காட்சிக்குப் போனவர்கள் பலர். 'தி ஆபீஸ்' தொடரை அமெரிக்காவில் உருவாக்கிய கிரெக் டேனியல்ஸ், அதில் எழுதிய பி.ஜே. நோவாக் இருவருமே லாம்பூன்காரர்கள். அவர்கள் திறமையில் குறைவில்லை. ஆனால் அந்த வழியை யாரும் கோட்டான்னு சொல்வதில்லை.

கேலிங்கின் வீட்டுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி. கறுப்பினத்தவர் என்று சொல்லி மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாக 2016இல் புத்தகமே எழுதிய அவருடைய அண்ணன், இன அடிப்படையிலான முன்னுரிமையை எதிர்ப்பவர். 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கல்லூரிச் சேர்க்கையில் அதைத் தடுத்துவிட்டது. நம் நாட்டு இட ஒதுக்கீடு சாதியால் மறுக்கப்பட்டதை ஈடுசெய்யும் அரசியல் சட்ட ஏற்பாடு. இரண்டையும் ஒரே தராசில் போட்டு நிறுப்பது சரியல்ல.

திறந்த கதவால் கிடைத்தது என்ன? கேலிங் எழுதிய பாத்திரங்களின் குடும்பப் பெயர்களைப் பாருங்கள். 'தி ஆபீஸ்' தொடரில் கபூர். 2012இல் அவரே உருவாக்கிய தொடரில் லாஹிரி. 2019இல் பட்டேல். அப்பா வழித் தமிழ் அடையாளம் மையத்துக்கு வந்தது 2020இல்தான். 'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடரின் தேவி விஸ்வகுமார் தமிழ்க் குடும்பத்துப் பெண். அந்த வீட்டிலும் பிள்ளையார் சதுர்த்தி 'கணேஷ் பூஜை'யாகத்தான் வருகிறது. மும்பையிலும் டில்லியிலும் நம்ம பிள்ளைங்க 'கண்பதி' என்று சொல்வதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. இரண்டு மொழிக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை எந்தப் பக்கம் என்று நாம் கேட்கிறோம். இரண்டு பக்கத்தையும் எழுதிப் பார்க்க அவருக்குப் பதினைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன.

'தி ஆபீஸ்' தொடருக்கு 2006இல் கேலிங் எழுதிய தீபாவளிப் பகுதியில், கெல்லி கபூரின் பெற்றோராக நடித்தவர்கள் அவருடைய சொந்த அப்பா அம்மாவே. பெயர் கபூர் ஆனாலும் முகம் சொக்கலிங்கம் வீட்டு முகம். அறைக்குள் ஒரு நாற்காலி கிடைத்ததால்தான் அந்த முகங்கள் திரைக்கு வந்தன. சிறப்புத் திட்டங்களின் பயனை அளக்க வேண்டிய இடம் இதுதான். உள்ளே வந்தவர் எந்த வழியில் வந்தார் என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், வந்தபின் என்ன எழுதினார் என்றும் கேட்போம்.