கையும் கத்தரியும்: புதிய ஜாஸ் ஆல்பங்களை ரசிப்பது எப்படி?

ஜாஸின் மனோதர்மம், ஃபங்கின் தாளக்கட்டு, எலக்ட்ரானிக் இசையின் ஒலிகள், இண்டி பாடல்களின் தணிந்த குரல் ஆகியவை ஒன்றாகக் கலந்த ஆல்பங்கள் 2010களின் நடுவிலிருந்து வரிசையாக வருகின்றன. லாஸ் ஏஞ்சலஸ், லண்டன், சிகாகோ மூன்றும் இவற்றின் முக்கிய ஊர்கள். கமாசி வாஷிங்டனின் ‘தி எபிக்’ (2015), யூசஃப் கமால் இரட்டையரின் ‘பிளாக் ஃபோகஸ்’ (2016), நுபயா கார்சியாவின் ‘சோர்ஸ்’ (2020) என்று பட்டியல் நீளும். இதையெல்லாம் கேட்க ஜாஸ் வரலாற்றைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும் என்ற பயம் எப்படியோ பரவிவிட்டது. அப்படி ஒரு நிபந்தனையே கிடையாது. முதலில் பழைய மேதை சார்லி பார்க்கரை முடித்துவிட்டு வா என்று சொல்லும் மூத்த ரசிகர்கள்தான் புதியவர்களை வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள்.

அடிப்படைகள் கொஞ்சம்தான். ஒரு மெட்டு வரும். அதன் கார்ட் வரிசை சுழன்றுகொண்டிருக்க, கலைஞர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அந்த நேரத்துக் கற்பனையில் வாசிப்பார்கள். மெட்டு திரும்ப வந்து முடியும். பழைய ஜாஸின் ‘ஸ்விங்’ ஏறக்குறைய திஸ்ர நடையில் நடுத் தட்டை விழுங்கிவிட்டது போல் நடக்கும். ஃபங்க் சதுஸ்ரம், முதல் அடியில் அழுத்தம் விழும். இரண்டுக்கும் இடையில் சற்றே தள்ளாடும் ஒரு நடையை டெட்ராய்ட்டின் ஜே டில்லா டிரம் மெஷினில் உண்டாக்கினார். 2000இல் வந்த டிஆஞ்சலோவின் ‘வூடூ’ ஆல்பம் அந்தத் தள்ளாட்டத்தை மனிதக் கைகளுக்குக் கொண்டுவந்தது. ஆரம்பிக்க இவ்வளவு போதும்.

விமர்சகர்கள் இந்த ஆல்பங்களை ஃபங்க் எவ்வளவு, எலக்ட்ரானிக் எவ்வளவு, இண்டி எவ்வளவு என்று மளிகைக் கணக்குப் போட்டுப் பிரிக்கிறார்கள். அதனால் கேட்பவருக்கு ஒரு பயனும் இல்லை. உண்மையில் பயன்படும் கேள்வி ஒன்றுதான்: கலவை எப்போது நடந்தது? வாசிக்கும்போதா, வாசித்து முடித்த பிறகா?

வாசித்த பிறகு நடப்பதைக் கத்தரி வழி எனலாம். இதன் முன்னோடி தயாரிப்பாளர் டியோ மசேரோ. மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’ (1969) ஆல்பத்தில் தொடக்கத்தில் வந்த பகுதியையே இறுதியிலும் அப்படியே ஒட்டினார். கலைஞர்கள் திரும்ப வாசிக்கவில்லை, டேப் திரும்ப வந்தது. மறுவருடம் வெளியான ‘பிட்சஸ் ப்ரூ’வில் வெட்டும் ஒட்டும் இன்னும் துணிச்சலாயின. இதை ஏமாற்று வேலை என்று முகம் சுளித்தவர்கள் அன்றும் உண்டு. சிகாகோ டிரம்மர் மகாயா மக்ரேவன் அதே கத்தரியைக் கணினியில் எடுத்துக்கொண்டார். மேடையில் முன்தயாரிப்பின்றி வாசித்த சுமார் 48 மணி நேரப் பதிவை நறுக்கி, அடுக்கி, சுழலவிட்டு ‘இன் தி மொமன்ட்’ (2015) ஆல்பத்தை உருவாக்கினார். ஒரு துண்டு சில முறை சுழன்றபின் எங்கோ ஒரு சிறு மாற்றம் நுழையும். அந்த மாற்றத்தைப் பிடித்துவிட்டால் ஆல்பம் முழுவதும் திறந்துகொள்ளும்.

கை வழி நேர் எதிரானது. இயந்திரம் செய்யக்கூடியதை மனிதர் அந்த நிமிடத்திலேயே வாசிப்பார். இதற்குச் சிறந்த சான்று 2009இல் வந்த விஜய் ஐயர் ட்ரியோவின் ‘ஹிஸ்டாரிசிட்டி’. இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த லண்டன் பாடகி எம்.ஐ.ஏ.வின் ‘கலாங்’, இயந்திரத் தாளத்தின்மேல் எழுந்த பாடல். அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஐயர் அதைப் பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றை மட்டும் வைத்து வாசித்தார். மார்கஸ் கில்மோரின் டிரம்ஸில் இயந்திரத்தின் பிடிவாதம் இருக்கும். ஆனால் மூச்சு விடும். மான்செஸ்டரின் கோகோ பெங்குவின் குழுவினர், ‘நாட் டைட்’ (2022) தந்த டோமியும் ஜேடி பெக்கும் இந்த வழியினரே. டேவிட் போவி தம் கடைசி ஆல்பம் ‘பிளாக்ஸ்டாரு’க்கு (2016) ராக் கலைஞர்களை விட்டுவிட்டு டானி மக்காஸ்லினின் ஜாஸ் குழுவை அழைத்ததும் இத்தகைய கைகளுக்காகத்தான்.

இரண்டையும் காதால் பிரிப்பது எளிது. ஒரு சுழற்சி திரும்ப வரும்போது சிம்பலின் தேய்வொலி அச்சு மாறாமல் வந்தால் கத்தரி. நூலிழை வித்தியாசம் இருந்தால் கை. சிகாகோவில் பெயர்பெற்ற ஜெஃப் பார்க்கர் இரண்டையும் வேண்டுமென்றே குழப்புவார். டார்ட்டாய்ஸ் என்ற இண்டி குழுவின் கிட்டார் கலைஞரான இவருடைய ‘தி நியூ ப்ரீட்’ (2016) ஆல்பத்தில் எது துண்டு, எது கை என்று தேடுவதே பாதி இன்பம்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அதற்கு வழி என்ற பெயரே அதிகம். மெத்தென்ற ஒரு பீட், மேலே தூவிய இரண்டு வரி சாக்ஸபோன், படிப்பதற்கு ஏற்றது என்ற முத்திரை. அதில் யாரும் யாரையும் கேட்டு வாசிப்பதில்லை. சாக்ஸபோனை எடுத்துவிட்டாலும் எதுவும் குறையாது என்றால் அது ஜாஸ் கலந்ததில்லை, ஜாஸ் பூசியது. ஆண்டுக்கொரு முறை “ஜாஸ் மறுபிறவி” என்று தலைப்பிடும் பத்திரிகைகளும் இதே ரகம். எஸ்ரா கலெக்டிவ் 2023இல் பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசை வென்ற முதல் ஜாஸ் குழுவானபோது திடீர் எழுச்சி என்றார்கள். ஆனால் அக்குழுவினர் சந்தித்துப் பயின்ற ‘டுமாரோஸ் வாரியர்ஸ்’ அமைப்பு லண்டனில் 1991 முதல் இயங்குகிறது.

ரசிகர்கள் தங்களுக்குள் மட்டும் ஒப்புக்கொள்ளும் சில உண்மைகளும் உண்டு. கை வழியில் வித்தை காட்டல் கொஞ்சம் தூக்கல். டோமியும் பெக்கும் சில இடங்களில் காதுக்கு இளைப்பாறுதலே தருவதில்லை. ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும் ‘தி எபிக்’கை ஒரே மூச்சில் கேட்டவர்கள், அப்படிச் சொல்லிக்கொள்பவர்களைவிடக் குறைவு. அதன் முதல் டிஸ்க்கோடு நிறுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தொடங்குபவருக்கு ஹெர்பி ஹான்காக்கின் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ (1973) போதும். ‘கமீலியன்’ ட்ராக்கின் பேஸ் வரி, சிந்தசைசரில் கையால் வாசித்தது. முதல் தடவை அதை மட்டும் பின்தொடர்ந்து, அடுத்த தடவை டிரம்ஸைத் தொடரலாம். பிறகு மக்ரேவன், பிறகு ஐயர். எலக்ட்ரானிக் கலைஞர் ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸும் சாக்ஸபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸும் லண்டன் சிம்பனி இசைக்குழுவுடன் செய்த ‘ப்ராமிசஸ்’ (2021) கடைசியில் வரட்டும். ஒன்பது பகுதிகள் கொண்ட ஒரே படைப்பு அது. துண்டு துண்டாகக் கேட்டால் வீண். எதையும் செல்போன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். பேஸ் எட்டாத கருவியில் இந்த இசை பாதிகூட இல்லை.