கெய்ரோக் கோட்டையும் காட்சிப் பேழைகளும்

கெய்ரோ நகரில் முகத்தம் குன்றின் சரிவில் நிற்கும் கோட்டையைப் பற்றி நம்மவர் எழுதும் பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் பெயரோடு தொடங்கி, முஹம்மது அலி பள்ளிவாசலின் விளக்குகளை வியந்து, கீழே விரியும் மினாராக்களின் காட்சியோடு முடிந்துவிடுகின்றன. வாசகர் உள்ளத்தில் அந்தப் பள்ளிவாசலும் ஸலாஹுத்தீன் கட்டியதாகவே பதிந்துபோகிறது.

உண்மை வேறு. 1176இல் கோட்டைப் பணியைத் தொடங்கிய ஸுல்தான், 1182இல் சிரியா சென்றபின் எகிப்துக்குத் திரும்பவே இல்லை. பணியை நடத்தியவர் பஹாவுத்தீன் கராகூஷ். அதை முடித்துக் குடியேறியவர் ஸுல்தானின் தம்பி மகன் அல்காமில். பள்ளிவாசலோ அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், மம்லூக் அரண்மனைகளை இடித்த இடத்தில், இஸ்தன்பூல் பாணியில் எழுந்தது. அதன் முற்றத்துக் கடிகாரம் பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப் 1845இல் அனுப்பியது. எகிப்திலிருந்து பாரிஸுக்குப் போனதோ லக்ஸர் கோயிலின் ஒற்றைக்கல் தூண்! யாருக்கு இலாபம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப்புர மாளிகையில் அமைந்த இராணுவ அருங்காட்சியகம் வாள்களையும் பீரங்கிகளையும் சீருடைகளையும் முன்னிறுத்துவது. ஆயுதம் கோட்டைக்குப் பொருத்தமானதே, மறுக்கவில்லை. ஆனால், அந்த வாள்கள் யார்மீது பாய்ந்தன என்று கேட்க வேண்டாமா? 1811 மார்ச் 1ஆம் நாள், தம் மகன் தூஸூனுக்குப் படைத்தலைமை அளிக்கும் விழாவுக்கென்று மம்லூக் தலைவர்களை அழைத்த முஹம்மது அலி, அவர்கள் திரும்பும் வழியில் பாபுல் அஸப் வாயிலுக்குச் செல்லும் குறுகிய பாதையில் அடைத்துக் கொன்றார். விருந்தினரைக் கொன்றவரின் பெயரைத் தாங்கிய பள்ளிவாசலை வருணிக்கும் நம் எழுத்தாளர்கள், இந்த நிகழ்ச்சியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்; சிலர் அதையும் எழுதுவதில்லை.

ஸலாஹுத்தீன் காலத்திலேயே இங்கு வந்த அந்தலூஸியப் பயணி இப்னு ஜுபைர் அவ்வாறு கடந்துவிடவில்லை. 1183இல் அவர் கண்டது, பளிங்கை அறுத்தும் பெருங்கற்களைப் பிளந்தும் அகழி தோண்டியும் வருந்திய எண்ணற்ற ரூமியக் கைதிகளை. ஸுல்தானைப் போற்றிய அதே பேனாதான் இதையும் எழுதியது. கீஸாவின் சிறிய பிரமிடுகளைக் கராகூஷ் இடித்துக் கல் எடுத்ததையும் முஸ்லிம் வரலாற்றாசிரியர்களே பதிந்துள்ளனர். ஜெரூஸலத்தில் ஸுல்தான் காட்டிய கருணை இதனால் குறைந்துவிடாது. குறைந்துவிடுமோ என்று அஞ்சி மறைப்பவர்களுக்குத்தான் அந்தக் கருணையில் நம்பிக்கை போதவில்லை.

கோட்டையில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது அதன் கிணறுதான். மக்கள் அதை நபி யூஸுஃப் (அலை) அவர்களோடு இணைத்துப் பேசுவதுண்டு. ஸலாஹுத்தீனின் இயற்பெயரும் யூஸுஃப் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. ஏறத்தாழ 90 மீட்டர் ஆழம். முழுவதும் பாறையில் குடைந்தது. ஒரே இழுப்பில் நீர் மேலே வராது என்பதால், கிணற்றை இரண்டு அடுக்காக அமைத்து, நடுவே ஒரு மேடை விட்டார்கள். அங்கே சில காளைகளும் மேலே சில காளைகளும் பானைகள் கோத்த சக்கரத்தைச் சுற்றின. அந்தக் காளைகள் நடுமேடைக்கு இறங்குவதற்கென்றே, மேல் அடுக்கைச் சுற்றிச் சுழன்று இறங்கும் ஒரு சரிவுப் பாதையையும் பாறையிலேயே வெட்டியிருக்கிறார்கள்.