புள்ளியும் சுருளும்

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில், காடாம்புலியூரில் கொஞ்ச நேரம் நின்று வண்டிகளின் முன்கண்ணாடியைப் பார்த்தால் போதும், இந்த வட்டாரத்தின் சாமிகள் எல்லாம் வரிசையாகப் போகும். முந்திரி மூட்டை ஏற்றிய டெம்போவில் குலதெய்வம், பலாப்பழ வண்டியில் பிள்ளைகளின் பெயர், வடலூர் பக்கத்திலேயே இருப்பதால் ‘அருட்பெருஞ்ஜோதி’. ஒரு காலத்தில் பெயின்டர் தூரிகையால் எழுதியதை இப்போது ரேடியம் கடை பிளாட்டர் வெட்டித் தருகிறது.

வெட்டுவது மெஷின் பாடு. அதற்குப் பிறகு இருப்பது விரல் பாடு. பிளேடு மேலே இருக்கும் வினைல் படலத்தை மட்டும் அறுக்கும், அடித்தாளைத் தொடாது. எழுத்தைத் தாளிலேயே விட்டுவிட்டுச் சுற்றியுள்ள வேஸ்டை உரித்தெடுக்க வேண்டும். பலாவில் சுளையை விட்டுச் சடையை உரிக்கிற வேலைதான். ஆனால் இங்கே சுளைக்கும் சடைக்கும் ஒரே நிறம், ஒரே தடிமன், ஒரே பசை. நீளமான வேஸ்டை ஒரே இழுப்பில் எடுக்கப் பார்த்தால் அது மடங்கிப் போய் எழுத்தின் மேலேயே ஒட்டும். கத்திரி வெயிலில் பசை இளகி, அறுத்த கோடே மறுபடி ஒட்டிக்கொண்டு இன்னும் படுத்தும்.

இதற்கான வைத்தியம் மலிவானது. கோரல்டிராவில் டிசைனை முடித்ததும், எழுத்தைச் சுற்றி ஒரு கட்டம், வரிகளுக்கு நடுவே ஒரு கோடு, சொற்களுக்கு நடுவே ஒரு கோடு என்று வெறும் வெட்டுக்கோடுகளைப் போட்டுவிடுவது. அவை எழுத்தில் சேராது. வேஸ்டைத் துண்டு துண்டாக எடுக்க மட்டுமே உதவும். மெஷினுக்குச் சில விநாடிதான் கூடும். கோடு எழுத்தின் மேல் ஏறிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் கட்டுப்பாடு.

எங்கே போடுவது என்பதில்தான் நம் ஊரும், சிங்களமும் வெட்ட வேண்டிய இலங்கையும் பிரிகின்றன. காரணம் மெஷின் அல்ல, எழுத்து.

‘அருட்பெருஞ்ஜோதி’யையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு மெய்யெழுத்து, இரண்டு புள்ளி. தமிழில் புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் தனியாக மிதக்கிறது. வேஸ்டை மேலிருந்து கீழாக இழுத்தால் ‘ட்’ இருந்த இடத்தில் ‘ட’ நிற்கும், புள்ளி கையில் இருக்கும் வேஸ்டோடு போயிருக்கும். புள்ளியின் குறுக்களவு பாதியானால் பசை பிடிக்கும் பரப்பு கால்வாசியாகிவிடும். அதனால்தான் முன்கண்ணாடிப் பெரிய எழுத்தில் தப்பிக்கும் புள்ளி, பைக் டேங்க்கில் ஒட்டும் சின்னப் பெயரில் தப்பிப்பதில்லை. புள்ளிக்கு இரண்டு பக்கமும் குட்டிக் கோடு போட்டு வேஸ்டை ஒடுக்கமான பட்டையாக்கி, ஊசி முனையால் புள்ளியை அமுக்கிக்கொண்டு, கீழிருந்து மேலாக உரித்தால் அது நிற்கும். புள்ளி இல்லாமல் ஓடும் ‘முருகன’ வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு கோடுதான் ஞாபகம் வருகிறது.

சிங்களத்தில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே மெய்யைக் காட்டும் குறி எழுத்தின் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே வரும் இஸ்பில்ல, கீழே வரும் பாப்பில்ல என்ற உயிர்க்குறிகளும் எழுத்தோடு பிணைந்தவைதான். உதிர்வதற்கு அதிகம் இல்லை. ஆனால் எழுத்தின் உடம்பு முழுக்கச் சுருள். வட்டத்துக்குள் வட்டம் நுழைந்து, மூடுவதுபோல வந்து மூடாமல் நின்றுவிடும். வேஸ்ட் அந்த இடுக்குக்குள் போய் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் எழுத்தின் மெல்லிய வாலையும் சேர்த்துத் தூக்கும். எனவே கோடு போட வேண்டிய இடம் சுருளின் வாய். உள்ளே இருப்பதையும் வெளியே இருப்பதையும் அங்கே அறுத்துப் பிரித்துவிட்டால் இரண்டும் தனித்தனியே வரும். சுருக்கமாக, தமிழில் எழுத்து வேஸ்டோடு போகப் பார்க்கிறது, சிங்களத்தில் வேஸ்ட் எழுத்தோடு தங்கப் பார்க்கிறது.

யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ மும்மொழிப் பலகை செய்கிறவருக்கு இந்த இரண்டும் ஒரே தாளில் வரும், ஆங்கிலமும் சேர்ந்து. 1956-ல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியான நாட்டில், 1987-ல் 13-ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. வண்டி எழுத்தே அங்கே அரசியலாக இருந்திருக்கிறது. 1957-ல் வாகன எண்தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. வடக்கில் அதை அழித்துத் தமிழ் ‘ஸ்ரீ’ எழுதினார்கள், 1958-ல் தெற்கில் தமிழ்ப் பலகைகள்மேல் தார் பூசினார்கள். அந்த வரலாறு உள்ள ஊரில் பலகையில் ஒரு புள்ளி உதிர்ந்தால், கடைக்காரரின் அவசரம் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்களா என்பது சந்தேகம். மும்மொழித் தாளில் முதல் இரண்டு கோடும் மொழிகளுக்கு நடுவே குறுக்காகப் போக வேண்டும். வினைல் மூன்று பட்டையான பிறகு தமிழைக் கீழிருந்தும் சிங்களத்தைச் சுருளின் வாயிலிருந்தும் அதனதன் போக்கில் உரிக்கலாம்.

எண்தகடு விஷயத்தில் இன்னொரு வித்தியாசம். இலங்கையில் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தருகிறது. நம் ஊர் ரேடியம் கடைகளுக்கோ அதுதான் நெடுங்காலம் அன்றாடச் சோறு. ஆங்கில எழுத்து, எண், நேர்கோடு. உரிக்கக் கோடே தேவைப்படாத வேலை. 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகள் உயர்பாதுகாப்புத் தகட்டோடே வருவதால் அந்த வருமானம் சுருங்கி, மிஞ்சியது தமிழ்ப் பெயர்கள். நம் கடைகளில் கோடு போடும் பழக்கம் கம்மியாக இருப்பதற்கு, எண்தகட்டில் பழகிய கை ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மிச்சத் துண்டின் கணக்கும் உண்டு. கட்டம் போட்டு வெட்டிய ஷீட்டில் எழுத்து இல்லாத பகுதி சதுரமாகத் தாளோடு மிஞ்சும், அடுத்த சின்ன வேலைக்கு ஆகும். கட்டம் இல்லையென்றால் ரோலிலிருந்து கோணல்மாணலாகக் கிழிபடும். 2022-ல் டாலர் வறண்டு, இறக்குமதியாகும் எல்லாமே விலை ஏறிய இலங்கையில் அந்தச் சதுரம் காசு. இங்கே அது குப்பைத் தொட்டிக்குப் போகிறது.

சாஃப்ட்வேரிலேயே தானாகக் கோடு போடும் வசதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. சம இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் போட்டுத் தரும். ஆங்கிலத்துக்கு அது போதும். புள்ளி எங்கே மிதக்கிறது, சுருளின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. காடாம்புலியூரானாலும் கிளிநொச்சியானாலும் அந்த நாலு கோட்டைக் கடைக்காரர்தான் மவுஸைப் பிடித்துப் போட வேண்டும். அதற்கென்று வாடிக்கையாளர் தனியாக ஒரு ரூபாயும் தரப்போவதில்லை.