பெட்ரோல் தீர்க்காத குளிர்

டெல்லியில் சரோஜினி நகர் அருகே இருக்கும் சப்தர்ஜங் விமானத் திடலில் இப்போது பயிற்சி விமானங்கள் பறப்பதில்லை. ஆனால் டெல்லியின் குளிருக்கு இன்றும் சப்தர்ஜங் வானிலை நிலையத்தின் கணக்குத்தான். 1935 ஜனவரி 16 அன்று அங்கே மைனஸ் 0.6 டிகிரி பதிவானது. மற்றபடி ஜனவரி விடியலில் 4, 5 டிகிரி சாதாரணம். கனடாக்காரர் இதைக் குளிர் என்றே சொல்லமாட்டார். ஆனால் சிறிய விமானத்தின் எஞ்சினைக் கிளப்புவதில் சிக்கலே இந்த மிதமான குளிரில்தான். பெரும்பாலான லைகோமிங் எஞ்சின்களை முன்கூட்டிச் சூடேற்றச் சொல்வது சுமார் மைனஸ் 12 டிகிரிக்குக் கீழேதான். அதற்கு வேலையில்லாத ஊரில், பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துக் கிளப்புவதே கைவந்த வழி.

அதில் நியாயம் இருக்கிறது. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. ஆவியாகாத பெட்ரோல் தீப்பொறிக்குப் பற்றாது. ப்ரைமர் என்னும் கைப்பம்பின் குமிழை மெதுவாக இழுத்து, குழாய் நிரம்ப ஒரு கணம் பொறுத்து, ஓங்கித் தள்ளினால் சிலிண்டர் வாயிலிலேயே தூறலாக விழும். தயங்கித் தள்ளினால் சொட்டும், அவ்வளவுதான். இது நல்ல கைத்திறன்.

அதற்குப் பதிலாக த்ராட்டிலை ஆட்டி ஆட்டிப் பெட்ரோல் ஊற்றுவதை என்னால் ஏற்க முடியாது. பல சிறிய விமானங்களில் கார்புரேட்டர் எஞ்சினுக்கு அடியில் இருக்கிறது. எஞ்சின் சுழலாதபோது பெட்ரோல் மேலே ஏறாது, கீழே காற்றுப்பெட்டியில் வடியும். ஒருமுறை பின்வெடித்தால் தீப்பிடிக்கும்.

புரொப்பெல்லரைக் கையால் சுற்றி எஞ்சினை இளக்குவது, 1958இல் முதலில் பறந்த புஷ்பக் விமானத்தின் காலத்துக்கும் முந்தைய வழக்கம். பேட்டரிக்கு உதவும்தான். ஆனால் தீப்பொறி தரும் மேக்னட்டோவுக்கு பேட்டரியே வேண்டாம். சுவிட்சுக்குப் போகும் கம்பி அறுந்திருந்தால், ‘ஆஃப்’ காட்டும்போதே எஞ்சின் பற்றிக்கொள்ளும், கை அங்கே இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு எஞ்சின் கிளம்பிவிட்டால் குளிரை வென்றதாக நினைத்துவிடுகிறோம். பெட்ரோல் தீர்த்தது பற்றவைப்பை மட்டுமே. எண்ணெய் இன்னும் பாகுபோலக் கிடக்கிறது. அழுத்தமானியின் முள் எழும்வரை பேரிங்குகள் பழைய எண்ணெய்ப் படலத்தை நம்பித்தான் சுழல்கின்றன. கோடையில் 30 விநாடிக்குள் எழ வேண்டிய முள் கடுங்குளிரில் இரட்டிப்பு நேரம் எடுக்கலாம். சூடேறட்டும் என்று அந்நேரத்தில் வேகத்தைக் கூட்டுவதுதான் பெரிய கேடு.

வடதுருவப் பகுதி விமானிகள் இரவில் எண்ணெயை வடித்து, காலையில் அடுப்பில் சுடவைத்து ஊற்றினார்கள். டெல்லிக்கு அவ்வளவு பாடு வேண்டாம். 50ஆம் தர எண்ணெய் சுமார் 16 டிகிரிக்கு மேலான வெப்பநிலைக்கு உரியது. நவம்பரிலேயே அதை வடித்துவிட்டு, கையேடு சொல்லும் மெல்லிய எண்ணெயை ஊற்றினால் போதும்.