பலகைச் சந்தின் அழகு

மரப்படகைப் பார்த்ததும் நம் கண் போவது அணியத்தின் வளைவுக்கும் பக்கங்களில் தீட்டிய வண்ணத்துக்கும்தான். படகு கட்டும் ஓடாவியின் கைத்திறனை எடைபோட வேண்டுமானால் குனிந்து, இரண்டு பலகைகள் சேரும் சந்தைப் பார்க்க வேண்டும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் அதற்கு ஏற்ற பருவம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். மரத்தாலான விசைப்படகுகளைக் கரையேற்றி மராமத்து பார்க்கும் 61 நாட்கள். கோடை வெயிலில் பலகை காய்ந்து சுருங்கும். சந்துகள் வாய் திறக்கும். மற்ற நாட்களில் வண்ணத்துக்கு அடியில் மறைந்திருக்கும் வேலை அப்போது வெளிப்படும்.

அந்த வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். பலகைகளின் விளிம்பை இழைக்கும்போதே, உட்பக்கம் நெருங்கியும் வெளிப்பக்கம் சற்று விலகியும் நிற்கும்படி இழைப்பார்கள். வெளியே விரிந்து உள்ளே குறுகும் அந்த இடைவெளியில், எண்ணெயில் தோய்த்த பஞ்சுத் திரியை வைத்து, மழுங்கிய உளியாலும் மரச்சுத்தியாலும் அடித்து இறக்குவார்கள். திரி தளர்ந்தால் தண்ணீர் வரும். அளவுக்கு மீறி இறுகினால் அதைவிடக் கேடு: நனைந்து பருக்கும் பலகைக்கு இடமில்லாமல் போய், ஆணியையே இளக்கிவிடும். எவ்வளவு அடிப்பது என்பதற்கு அளவுகோல் கிடையாது. காதுதான் அளவு. தளர்ந்த திரி மந்தமாக ஒலிக்கும். பிடிப்பான திரியில் சுத்தி கணீரென்று துள்ளும். தேர்ந்த கையின் ஓசை படகின் நீளம் முழுக்க ஒரே சுருதியில் நகர்வதைக் கேட்பது தனி இன்பம்.

திரிக்கு மேலே பூச்சு. குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சிய குழம்பு, சுண்ணாம்பை எண்ணெயில் குழைத்த பசை எனக் கரைக்குக் கரை பாகம் மாறும். இது பழைய அறிவு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்கோ போலோ, இந்தியக் கடலில் ஓடிய வணிகக் கப்பல்களைப் பற்றியும் சொல்கிறார். கீலுக்குப் பதிலாகச் சுண்ணாம்பையும் நறுக்கிய சணலையும் மர எண்ணெயில் பிசைந்து பூசினார்களாம். அது பசைபோலப் பிடித்ததாம்.

இத்தனை செய்தும், கடலில் இறக்கிய முதல் நாள் படகு கொஞ்சம் கசியும். கசிய வேண்டும். பலகை நீரை உறிஞ்சி அகலவாக்கில் பருத்து, பஞ்சை இருபுறமும் நெருக்கிச் சந்தை மூடும். மனிதன் பாதியில் விட்ட வேலையைக் கடல் முடித்துவைக்கிறது. கடலுக்கு எவ்வளவு வேலை மிச்சம் வைக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதே இந்தக் கலையின் உச்சம் என்பேன். மரம் நீளவாக்கில் அநேகமாகப் பருப்பதில்லை. ஆகவே பலகையின் தலையும் மற்றொரு பலகையின் தலையும் முட்டும் இடத்தில் கடலின் உதவி கிடைக்காது. ரசிகர் முதலில் பார்க்க வேண்டியது அந்த மூட்டைத்தான்.

ராமேஸ்வரக் கடற்கரையில் ஒரு குடும்பம் தன் கையால் கட்டிய படகைத் தமிழகம் முழுதும் அறியும். யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்வதற்காக, உறவினர் ஜலாலுதீனின் துணையோடு ஜைனுலாப்தீன் கட்டிய படகு அது. அப்போது அவருடைய மகன் அப்துல் கலாமுக்கு வயது ஆறு. 1999இல் வெளிவந்த தன்வரலாற்றில் அதை நினைவுகூரும்போது, விறகு நெருப்பின் சூட்டில் படகின் மரத்தைப் பதப்படுத்தியதை அவர் மறக்காமல் சொல்கிறார். சிறுவனின் கண்ணில் அது பதிந்ததில் வியப்பில்லை. சூடு மரத்தின் ஈரத்தை விரட்டுகிறது. ஈரமுள்ள பலகை எண்ணெயைக் குடிக்காது. பிறகு காயும்போது சுருங்கி, அடைத்த சந்தையும் திறந்துவிடும். நீர்காப்பு வேலையின் முதல் படி, பூச்சுக்கு வெகு முன்னால், அந்த நெருப்பில் தொடங்குகிறது.

எண்ணெய் பூசுவதிலும் பக்குவம் உண்டு. வெயிலில் சூடேறிய பலகை ஆறத் தொடங்கும் மாலையில், மரத்தின் நுண்துளைகளில் இருக்கும் காற்றும் குளிர்ந்து சுருங்கும். பூசிய எண்ணெயைப் பலகை தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். மத்தி மீனின் எண்ணெய் காற்றுப் பட்டு மெல்ல இறுகும். முந்திரிக்கொட்டை எண்ணெய் கையில் பட்டால் தோலைப் பொசுக்கும். மரத்தில் பட்டால் கருமையாகப் படிந்து, துளைக்க வருவனவற்றை விரட்டும். வருவனவற்றில் கொடியது கப்பல் புழு. பெயரில்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். குண்டூசித் தலையளவு துளை வழியே குஞ்சாக நுழைந்து, உள்ளே வளர்ந்து பலகையைச் சல்லடையாக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் நீர்மட்டத்துக்குக் கீழே தாமிரம் கலந்த வண்ணம் பூசுகிறார்கள். கொட்டலசு ஒட்டிப் படகின் வேகம் குறைவதையும் அது தடுக்கும்.

கட்டுமரத்துக்குச் சந்தை அடைக்கும் கவலையே இல்லை. தண்ணீர் அதன் மரங்களுக்கிடையே ஏறி இறங்கும். கரையில் கட்டவிழ்த்து உலர்த்தினால் போதும். நாரிழைப் படகுக்கும் சந்து கிடையாது. எளிதாக இருப்பதால் மீனவர்கள் அதை நாடுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய மரப்படகின் மேல் நாரிழை உறை போர்த்தும் வழியும் உண்டு. ஆனால் மரம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். உறைக்குள் ஈரம் புகுந்தால் மரம் அடியில் பருத்து உறையைக் கழற்றிவிடும். அங்கேயும் மரத்தின் மூச்சை அறிந்த கைதான் தேவைப்படுகிறது.

கலப்பத்து ஆண்டுதோறும் அவிழ்த்துச் செய்யப்படும் வேலை. பழைய திரியைப் பிடுங்கிப் புதிதாக அடிக்கலாம். இற்ற ஒரு பலகையை மட்டும் மாற்றலாம். சிற்பி செதுக்கியதைக் காண நாம் கோயிலுக்குப் போகிறோம். இந்த வேலையோ வண்ணம் ஏறியதும் மறைந்துவிடுகிறது. செய்தவர் பெயரும் அதோடு மறைகிறது. நடுக்கடலில் ஆட்களின் உயிரைக் காக்கும் இந்தக் கைத்திறனைத் தடைக்காலக் கூலிவேலை என்று மட்டும் எண்ணுவது பெரும் பிழை. ஓடாவியின் பக்கத்தில் உட்கார்ந்து கற்க ஓர் இளைஞன் வந்தால், அவனுக்கு உதவித்தொகையும் மரியாதையும் கிடைக்கும்படி செய்வது நம் கடமை.